சுடுதண்ணிப் பை வந்த வழி

நல்ல சுடுதண்ணிப் பை ஒன்றின் கழுத்துக்குக் கீழே சிறு பூ ஒன்று பதிந்திருக்கும். நடுவில் ஆண்டின் எண். சுற்றிலும் 12 இதழ்கள், இதழுக்கு ஒரு மாதம். இதழுக்குள் இருக்கும் புள்ளிகள் வாரக் கணக்கு. பி.எஸ். 1970 என்ற பிரிட்டிஷ் தரக்குறிப்பின்படி செய்த பைகளில் இதைக் காணலாம். அழகுக்குப் போட்டது என்றுதான் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது பை பிறந்த தேதி. இறப்பர் மூப்படையும் பொருள். காற்றும் வெயிலும் சூடும் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். மேலுக்கு நன்றாகத் தெரிகிற பை ஒருநாள் மடிப்பில் வெடித்து, படுத்திருப்பவர் மேல் சுடுநீரைக் கொட்டிவிடும். ஆகவேதான் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு பையை நம்ப வேண்டாம் என்கிறார்கள்.

அப்படியொரு பை என் அம்மாவின் தலைமாட்டில் இருந்தது, இரண்டு வருடத்துக்கு வெகுவாக மேலேயே. இலங்கையில் யட்டியந்தோட்டைக்கு மேலே, இறப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் பலகை ஸ்டூல். அதன் மேல் சித்தாலேப டப்பி, கோடாலித் தைலம், டோர்ச் லைட், தண்ணீர்ப் போத்தல், ஓரம் மடங்கிய கிளினிக் கொப்பி, மருந்து உறைகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டின். எல்லாம் கையெட்டும் தூரத்தில், இருட்டில் தடவினாலும் தட்டுப்படும் வரிசையில். அந்த வரிசையை யாராவது மாற்றிவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். இராத்திரி இரண்டு மணிக்கு விரல் மடங்காத ஒருவருக்குத் தைலப் போத்தல் வலப்பக்கம் இருக்கிறதா இடப்பக்கம் இருக்கிறதா என்பது சின்ன விஷயமில்லை.

அம்மாவுக்கு மூட்டுவாதம். வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே திசைமாறி மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்கும் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். விரல் கணுக்களில் தொடங்கி மணிக்கட்டுக்கு ஏறி, பிறகு பாதத்துக்கு இறங்கியது. மாதாமாதம் கிளினிக், கொப்பியில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதும் இரண்டு வரி, ஒரு மாதத்து மருந்து. இதில் ஆறுவது என்பது கிடையாது. கூடுவதும் குறைவதும்தான்.

ஸ்டூலில் இருந்த பொருள்களில் அந்தப் பை ஒன்றைத்தான் அம்மா தொழில்காரியின் கண்ணோடு பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர் அவர். அந்தப் பை அவருடைய தலைமாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் போனதில் எனக்குக் கிடைத்ததை எழுதிவைக்க நினைக்கிறேன். படுக்கையில் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளை யாரும் வரலாறாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பையின் பூர்வீகம் பிரேசிலில், தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பசையுள்ள விதை, நாள்பட்டால் முளைக்காது. முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 1,900 நாற்றுகளை, அதே ஆண்டு ஆகஸ்டில் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலானவை உயிரோடு வந்து சேர்ந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடயில் நட்டார்கள். 1881இல் அங்கே முதல் பூ பூத்தது. இலங்கைக்கு நாற்று வந்த அடுத்த வருடம், 1877இல், சிங்கப்பூருக்குப் போனவை 22 நாற்றுகள். மலாயாவின் இறப்பர்க் காடுகள் எல்லாம் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவைதான்.

மோட்டார் வண்டி உலகத்துக்கு வந்தபிறகு இறப்பருக்கு விலை ஏறியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் களனிப் பள்ளத்தாக்கும் களுத்துறையும் இறப்பர் நிலமாயின. தேயிலை மேட்டுக் குளிரையும் தாங்கும். இறப்பருக்குச் சப்ரகமுவவின் புழுக்கமும் மழையும் வேண்டும். இன்றும் இலங்கையில் இறப்பர் அதிகம் நிற்கும் மாவட்டம் கேகாலைதான். அங்கே காடு வெட்டவும் குழி தோண்டவும் கன்று நடவும் வந்தவர்கள் எங்கள் ஆட்கள். மலைநாட்டுத் தமிழர் என்றால் நுவரெலியாவும் ஹட்டனும் கொழுந்துக் கூடையும்தான் எல்லோர் நினைவிலும் வரும். தெஹியோவிட்ட, தெரணியகல, ருவன்வெல்ல, எஹலியகொட என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் இறப்பர் லயங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கூடை சுமக்கும் படத்தில் நாங்கள் இல்லை. எங்கள் கையில் இருந்தது வாளி.

பால் வெட்டு எப்படி நடக்கும் என்பதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன், அம்மாவின் கைகளுக்கு நேர்ந்தது அதில்தான் தொடங்குகிறது என்று அவர் நம்புவதால். (மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. பரம்பரையும் வேறு பல காரணங்களும் சேர்ந்து வரும் நோய் இது. ஆனால் ஏற்கெனவே வீங்கிய கணுக்களோடு பல வருடம் கத்தி பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தகம் வேண்டாம்.) வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். இலைகள் வெயிலில் நீரை விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கி, பாலும் குறைந்துவிடும். ஆகவே விடியுமுன் எழும்ப வேண்டும். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, சாயத்தண்ணி ஒரு மடக்கு குடித்துவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மலைக்குப் போய் நின்றால் முன்னால் ஏறக்குறைய 300 மரம்.

ஒவ்வொரு மரத்திலும் முதலில் நேற்றைய வெட்டில் உறைந்து கிடக்கும் நூலை உரித்தெடுத்துப் பையில் போட வேண்டும். அது ஒட்டுப்பால். பிறகு கத்தி. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். ஆழமோ மயிரிழைக் கணக்கு. பட்டையின் கடைசி ஒரு மில்லிமீற்றரைத் தொடக்கூடாது. தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு விழும், கங்காணி கண்ணில் படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது, பேர், அதாவது அன்றைய நாட்கூலி, அரைப்பேராகும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட இல்லாமல், மணிக்கட்டைச் சுழற்றி இழுக்கும் ஒரே இழுப்பு. பால் தகரத்து வழியாக இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது அடுத்த மரத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். அம்மாவின் வெட்டு நேர்த்தியானது என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். ஒருமுறை காய்ந்த முருங்கைக் குச்சியில் எனக்கு வெட்டிக் காட்டினார். சுருள் அறுபடாமல் வந்தது.

மழை பெய்தால் வெட்டில்லை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வெட்டில்லாத நாளில் பேரும் இல்லை. இறப்பர்த் தோட்டத்துக்காரி வானத்தைப் பார்ப்பது சம்பளத்தைப் பார்ப்பதுதான்.

பகலில் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால் வடிகட்டி, தண்ணீர் கலந்து, போர்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். அங்கிருந்து இரண்டு பாதை. ஒன்று ரோலரில் தட்டையாக்கிப் புகைக் கூண்டில் தொங்கவிடும் புகைச் சீற். இன்னொன்று கிரேப். பால் மஞ்சளிக்காமல் இருக்கச் சல்பைட் உப்புப் போட்டு, உறைந்ததை ஓடும் தண்ணீரில் ரோலருக்குள் பலமுறை விட்டு, சுருக்கம் விழுந்த வெளிறிய தகடாக எடுத்து, புகை படாமல் காற்றில் உலர்த்துவார்கள். இலங்கையின் பெயர் உலகச் சந்தையில் நின்றது இந்தக் கிரேப்பால்தான். நிறமும் அழுக்கும் இல்லாத இறப்பர் என்பதால் மருந்துச் சாமான்களுக்கும் உடம்பில் படும் பொருள்களுக்கும் அதைத் தேடி வாங்கினார்கள். எங்கள் பக்கத்து இறப்பர் நோயாளியின் அறைக்குப் போவதற்கென்றே வெளுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையில்லை.

தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போக ஒரு சின்ன ரயில் இருந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை, இரண்டரை அடி அகலம். 1902இல் அவிசாவளை வரை, 1903இல் யட்டியந்தோட்டை வரை, 1912இல் இரத்தினபுரி வரை போட்டார்கள். தேயிலைப் பெட்டியும் இறப்பர்ப் பேலும் அதில்தான் துறைமுகத்துக்கு இறங்கின. யட்டியந்தோட்டைக் கிளையின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பாட்டி அந்த ரயிலைப் பார்த்திருக்கிறார், அம்மா பார்க்கவில்லை.

போர் தோட்டங்களுக்குள்ளும் வந்தது. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் விழுந்தபோது, நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் ஊற்று இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை, வடிக்கும்வரை வடி என்று உத்தரவு. ஓய்வு தராமல், மேலும் கீழும் பல வெட்டுப் போட்டார்கள். மரத்துக்கு ஓய்வில்லை என்றால் வெட்டுகிறவர்களுக்கும் இல்லை.

கப்பலேறிய தகடு பையாக மாறுவது வேறொரு கதை. பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் நிலைத்த நெகிழ்ச்சி வருகிறது என்று 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டார். அதற்கு முன் ஐரோப்பாவில் படுக்கையைச் சூடாக்கச் செம்புத் தட்டும் மண் ஜாடியும்தான் இருந்தன. 1903இல் சாகிரெப் நகரத்தில் வாழ்ந்த பென்கலா என்ற பொறியியலாளர் ‘டெர்மோஃபோர்’ என்ற பெயரில் இறப்பர்ச் சுடுநீர்ப் பைக்குக் காப்புரிமை வாங்கினார். இறப்பரோடு கந்தகமும் நிறமும் மூப்பைத் தள்ளிப்போடும் இரசாயனமும் கலந்து, நடுவில் உலோகக் கரு வைத்த அச்சில் அழுத்திச் சூடாக்கினால் பை. வெளியில் வரிவரியாகத் தெரியும் மேடுகள் முழுச்சூடும் தோலில் ஒரேயடியாகப் படாமல் தடுக்கும். கழுத்தில் பித்தளைத் திருகு, திருகுக்குள் இறப்பர் வாசர். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த அமைப்பு மாறவில்லை.

இந்த நூறு வருடத்தில் தோட்டத்தில் எல்லாம் மாறியது. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. 1952இல் இலங்கை சீனாவோடு ஒப்பந்தம் போட்டது: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. முப்பது வருடம் நீடித்த அந்த ஒப்பந்தத்தின் அரிசிதான் கூப்பனில் வந்தது என்று பாட்டி சொல்வார். பால் வடித்தது அவர். அந்த அரிசியை மற்றெல்லோரையும்போல் வரிசையில் நின்று அவரும் வாங்கினார். 1964இல், எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். பாட்டியின் தம்பி குடும்பத்தோடு கப்பலேறி, கர்நாடகத்தில் சுள்ளியாவுக்குப் போனார். தாயகம் திரும்பியவர்களுக்காக அங்கே அரசு இறப்பர்த் தோட்டம் போட்டிருந்தது. புது நாடு, புது மொழி, அதே கத்தி.

இவ்வளவு தூரம் சுற்றிய பொருள் லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்தது சித்தியின் பயணப் பையில். அம்மாவின் தங்கை அவர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு முதுகுவலி. இலண்டனில் இருந்த மகள் கொண்டுவந்து கொடுத்த பை அது. பெரியம்மா காலமானபின் அவருடைய உடுப்பு, போர்வையோடு பையும் சித்திக்குக் கிடைத்தது. தீபாவளிக்கு வந்தவர், “அக்கா, இது ஒனக்குத்தான் தோதுப்படும்” என்று எடுத்து நீட்டினார்.

அம்மா அதை உடனே மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து வாய்க்கு அருகில் மூக்கைக் கொண்டுபோனார். ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துவிட்டு, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி, மடித்த இடத்தில் வெள்ளை பூக்கிறதா என்று பார்த்தார். வீங்கிய விரல்களுக்கு அந்த இழுப்பே வலித்திருக்கும். “நல்ல பாலு. ஒட்டுப்பால் சேரல” என்றார். சித்தி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தன் வாழ்நாள் முழுக்க வாளி வாளியாக ஊற்றிக்கொடுத்ததை, அது முடிந்த பொருளாக, தனக்கென்று அம்மா கையில் பிடித்தது அன்றுதான். அந்தக் குறிப்பிட்ட பையின் இறப்பர் எந்த நாட்டு மரத்தில் வடிந்தது என்று பை சொல்லாது. மலாயா மரமாக இருந்தாலும் ஹேனரத்கொட மரத்தின் உறவுதான். அங்கேயும் பெருந்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பை நிரப்புவதற்கு ஒரு முறை உண்டு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. கொதித்தால் இறக்கிவைத்துச் சற்று ஆறவிட வேண்டும். எங்கள் அடுப்பில் எரிவதும் இறப்பர் விறகுதான். பால் நின்ற கிழட்டு மரங்களை வெட்டியது. பையைக் கழுத்தால் பிடித்து, நெட்டுக்குத்தாக நிறுத்தாமல் சற்றே சாய்த்து, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, மிச்சக் காற்றைப் பலகையில் படுக்கவைத்து அழுத்தி வெளியேற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்து, பழைய சாரத் துணியில் சுற்ற வேண்டும். அம்மாவின் விரல்களால் மூடியை இறுக்க முடியாது. ஆகவே இது இன்னொருவர் எழும்பிச் செய்ய வேண்டிய வேலை. நாள்பட்ட நோய் வீட்டில் ஒருவருக்கு வந்தால் உறக்கம் இன்னொருவருக்கும் போகும். அதைச் சொல்ல அம்மாவுக்குச் சங்கடம். எழுப்பாமல் வலியோடு கிடப்பார். மூச்சு மாறுவதை வைத்து நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அவர் பையைக் கையில்தான் வைத்துக்கொண்டார். சூடு வலியை ஏன் தணிக்கிறது என்பதற்கு இப்போது நல்ல விளக்கம் உண்டு. தோலின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. அதை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இதமான சூடு இரத்தக் குழாய்களை விரிக்கும், இறுகிய தசையைத் தளர்த்தும், வலிச் செய்தியோடு போட்டியிட்டு அதை மங்கச் செய்யும். நோயை அது தொடாது. மூட்டு சிவந்து கொதிக்கும் நாட்களில் சூடு வைக்கவும் கூடாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைப் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். எங்கள் லயத்தில் அப்படி ஒருவருக்குக் காலில் கொப்புளம் வந்து ஆறப் பல மாதம் பிடித்தது.

பையைக் காலடிக்கு மாற்றச் சொன்னது கிளினிக்கில் ஒரு நர்ஸ். அது நல்ல யோசனையாக இருந்தது. 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள்: கையும் காலும் சூடாகி அங்கே இரத்தக் குழாய் விரிந்தால் தூக்கம் சீக்கிரம் வரும். உறங்கப் போகும் உடம்பு தன் உள்சூட்டை இறக்கியாக வேண்டும். அதைப் பாதம் வழியாகவும் உள்ளங்கை வழியாகவும்தான் வெளியே விடுகிறது. கால் சில்லிட்டவருக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கும். அம்மாவின் பாதம் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பை காலடிக்குப் போனபின் படுத்து உறங்குவது எளிதானது. உறக்கம் நிலைப்பதுதான் கடினம்.

இந்த நோய்க்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவில் இரத்தத்தில் ஏறத் தொடங்கி, விடியற்காலையில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் மூட்டுவாதக்காரர்கள் காலையில் மரக்கட்டைபோல் விறைத்து எழும்புகிறார்கள். விரல் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. விடிகாலைதான் பால் இறங்கும் நேரம். அம்மாவின் கணுக்கள் இறுகும் நேரமும் அதுவேதான். நோய் தொடங்கியபின் ஓய்வு பெறும்வரை அவர் தினமும் கத்தியைப் பிடித்தது உடம்பு மிக மோசமாக இருக்கும் மணியில். அந்த வருடங்களில் வெட்டுக் கெட்டதாக அவர் பேரில் குறை எழுதப்பட்டதும் உண்டு. அப்போது யாருக்கும் நோயின் பெயர் தெரியாது. ‘வாதக் குடைச்சல்’ என்று எண்ணெய் பூசிக்கொண்டார்.

இப்போது மெதோட்ரெக்சேட் எடுக்கிறார். வாரத்துக்கு ஒரே நாள் போடவேண்டிய மருந்து. தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனியே ஒரு சிறு டப்பியில் வைத்து, மூடியில் ஞாயிறு என்று எழுதியிருக்கிறேன். போலிக் அமில மாத்திரை வேறு டப்பியில். கொப்பியில் இருப்பது ஆங்கிலம், உறையில் இருப்பது பெரும்பாலும் சிங்களம், அம்மா படிப்பது தமிழ். தலைமாட்டுப் பொருள்களில் உயிர் காப்பது அந்த மூன்றெழுத்துத்தான் என்று நினைக்கிறேன்.

வலியில்லாத இராத்திரியிலும் உறக்கம் வராத காலம் ஒன்றுண்டு: மே, ஜூன் மழை. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணில் புதைந்தது. கேகாலை மாவட்டத்தில் லயத்துக்கு மேலே மலை இருக்கிற எவருக்கும் அதன்பிறகு பெருமழை இராத்திரி என்றால் விழிப்புத்தான். டோர்ச் லைட் தலையணைக்குக் கீழே போகும். அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் மருந்து டின்னும் ஒரு பைக்குள் போகும், ஓட வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ள. டாக்டர்கள் உறக்கமின்மைக்குக் காரணம் கேட்கும்போது தேத்தண்ணி குடிக்கிறீர்களா, பகலில் உறங்குகிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள், நல்ல கேள்விகள்தான். வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் எங்கள் பகுதியில் கேட்க வேண்டும்.

சித்தி கொடுத்த பை பல வருடம் உழைத்தது. கடைசியில் கழுத்து மடிப்பில் மயிர்க்கோடுகள் விழுந்தன. அம்மாவே விரலால் தடவிப் பார்த்து, “இது போச்சு, இனி ஊத்தாத” என்றார். கொழும்பில் வேலை செய்யும் தம்பி கரண்டில் சூடாகும் பை வாங்கி அனுப்பினான். பிளக்கில் செருகினால் சில நிமிடத்தில் சூடு. தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டாம், யாரையும் எழுப்ப வேண்டாம். அம்மாவுக்கு அதில் பெரிய நிம்மதி. யாரையும் எழுப்பாமல் தன் வலியைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தது. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. கரண்டுப் பை மூலையில் கிடந்தது. விறகு இருந்தது, கேத்தல் இருந்தது. அவிசாவளையில் ஒரு பாமசியில் இறப்பர்ப் பை ஒன்று கேட்டு வாங்கினேன். விலை முன்பைவிட மிகவும் கூடியிருந்தது.

பழைய பையை அம்மா எறியவிடவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாததால் என்னை வெட்டச் சொன்னார். அடிப்பாகத்தில் வட்டம் வட்டமாகப் பீலிக் குழாய்க்கு வாசர், நடுப்பாகத்தில் பட்டிபட்டியாக விறகுக் கட்டுக்கும் குடைக் கம்பிக்கும். ஒரு பட்டியைத் தன் ஊன்றுகோலின் அடியில் வழுக்காமல் சுற்றிக் கட்டச் சொன்னார்.

புதுப் பை அம்மாவிடம் மட்டும் இருப்பதில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் இடுப்புக்கு, மரக்கொட்டகையில் வேலை செய்து முதுகு பிடித்துக்கொண்ட மாமாவுக்கு, மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்று லயம் முழுக்கப் போய்வருகிறது. கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா முதலில் பாடம் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்: கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, துணி சுற்றாமல் வைக்காதே, சீனி வருத்தக்காரருக்குக் கொடுக்காதே, வெயிலில் காயப்போடாதே. போன மாதம் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி தனக்கும் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாள். அம்மா அவளை நிறுத்தி வைத்துச் சொன்னார்: “பளபளன்னு இருக்குறத எடுத்துறாத புள்ள. மூடியத் தொறந்து மோந்து பாரு. இழுத்து விட்டா ஒடனே திரும்பணும். உள்ள வாசர் இருக்கான்னு பாத்து வாங்கு.”